ஜௌபரின் பேரை வெட்டியவள்

பாக்கியலெட்சுமியைப் பதுளை ஆபிஸில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே ஒருத்தரையும் பிடிக்காது. ஆக, யாரும் யாருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லை.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். பண்டாரவளையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்புக்குப் போய், பாடம் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் கையெடுத்துக் கும்பிடும்வரை கேள்வி கேட்டுப் படித்தாள். இரண்டாயிரத்து மூன்றில் தேயிலைக் கம்பெனியொன்றின் பிராந்திய அலுவலகத்தில் மின்னஞ்சல் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையை ஒழித்து, அதில் சேர்வரை வைத்தார்கள். கூடவே இவளையும் வைத்தார்கள்.

அலுவலகத்தை ஆட்டிப்படைத்தவர் லீலாதேவி. நிர்வாக அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மலைநாட்டிலேயே தலை நரைத்துப்போனவர். இத்தனை காலத்தில் தோட்டத்துச் சொற்கள் கொஞ்சம் அவர் நாக்கில் ஒட்டியிருந்தன. அவற்றை ஆளைக் குத்துவதற்கு மட்டும் எடுப்பார். காலையில் பாக்கியலெட்சுமி உள்ளே வந்தால், "என்ன, பெரட்டு முடிஞ்சுதோ?" என்பார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தி மலைக்கு வேலை பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. கிளாக்கர்மார் சிரிப்பார்கள். பாக்கியலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்காருவாள்.

ஒரு தரம், செய்யச் சொன்ன வேலையில் ஏதோ விளங்காமல் திரும்பிப் போய்க் கேட்டாள். "சொன்னதைச் செய்யும். கேள்வி கேக்கிறது உம்மட வேலை இல்லை" என்று எல்லோர் முன்னாலும் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

தேயிலை விற்பனையைக் கவனித்தவர் ஜௌபர். அவருக்கும் லீலாதேவிக்கும் ஏழாம் பொருத்தம். லீலாதேவி எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினால், ஜௌபர் அதற்கு எல்லோருக்கும் போகிற மாதிரியே நக்கலாகப் பதில் எழுதுவார். ஆபிஸ் முழுக்க வாசித்துச் சிரிக்கும். ஜௌபர் கூட்டத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்த வாரம், அங்கிருந்தும் ஒரு நக்கல் வந்து விழுந்தது. லீலாதேவி மூச்சு வாங்க மாடியிறங்கி வந்தார்.

"ஜௌபரின்ர பேரை வெட்டிவிடும். இப்பவே வெட்டிவிடும்!"

லீலாதேவி நினைத்தது ஒன்று. சுற்றறிக்கை போகிற பட்டியலிலிருந்து அந்த மனிதனின் பெயரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தோட்டத்துக் காதுக்கு அந்தச் சொல் அப்படிக் கேட்காது. பேர் வெட்டுவது என்றால் ஆளைத் தோட்டத்துப் பதிவிலிருந்தே நீக்கிவிடுவது. அதோடு அவருக்கும் தோட்டத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பாக்கியலெட்சுமிக்கு இது ஏட்டில் படித்த விஷயமில்லை. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் இருந்து பார்த்த அம்மா கருப்பம்மாவை, வேலைக்கு வராதவள் என்று பேர் வெட்டினார்கள். பிறகு கருப்பம்மா யார் யார் காலிலோ விழுந்து மறுபடி பேர் பதிந்தாள். அதே கருப்பம்மா, அதே மலை, அதே கங்காணி. பதிவு நம்பர் மட்டும் புதிது. பழைய நம்பரில் உழைத்த வருடமெல்லாம் போனது போனதுதான். அந்த நம்பரைப் பெரியாயி என்ற இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஜௌபரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றே பாக்கியலெட்சுமி எடுத்துக்கொண்டாள். வருத்தப்பட்டாள் என்று நினைக்க வேண்டாம். 'தோட்டத்துப் புள்ள' என்று கூப்பிட்டு டீ வாங்கிவர அனுப்புகிற மனிதர் அவர். ஒழிந்தார் என்ற சந்தோஷத்தோடு அவருடைய மின்னஞ்சல் கணக்கையும் கடிதங்களையும் சேர்வரிலிருந்து துடைத்துப்போட்டாள்.

மறுநாள் லீலாதேவி தன் தங்கை மகன் கஜரூபனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கம்பியூட்டர் பயிற்சிக்கு வந்திருக்கிறானாம். எந்த வேலைக்குப் பயிற்சி, யாருடைய நாற்காலிக்குப் பயிற்சி என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. அவனுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுக்கும்படி பாக்கியலெட்சுமிக்கே உத்தரவு. தன் இடத்துக்கு வந்தவனுக்குத் தன் கையாலேயே கதவு திறந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் ஜௌபர் கொழும்பிலிருந்து திரும்பினார். மெயில் திறக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஓட்டோக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"என்ட மெயிலெல்லாம் எங்க புள்ள? வெளிநாட்டுத் தேயிலை ஓடர் அதுக்குள்ள ஈக்கிது! பின்னேரம் கொழும்பால போன் கோல் வரும், நான் என்னத்தச் சொல்ற?"

"மிஸ்தான் ஒங்க பேர வெட்டச் சொன்னாங்க" என்றாள் பாக்கியலெட்சுமி.

லீலாதேவிக்கு முகம் சிவந்தது. "ஆளையே அழிக்கச் சொன்னனானோ? சேர்குலர் போற லிஸ்டில பேரை வெட்டச் சொன்னனான். உமக்குத் தமிழும் விளங்காதோ?"

"நீங்க பேசுனது எங்க தமிழுங்க, மிஸ்."

"வாய் காட்டாதையும். கோல் வாறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துக் குடும். இல்லாட்டி வீட்டை போம்."

வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். லயத்தில் இவள் ஆபிஸ் வேலைக்குப் போகிறாள் என்று பொறாமைப்பட்டவர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கொழுந்துக் கூடை காத்திருக்கும். அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள்.

வாராவாரம் எல்லாக் கடிதங்களையும் டேப்பில் பிரதி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஜௌபர் பெயரில் மறுபடி ஒரு கணக்குத் திறந்தாள். டேப்பை மாட்டி, அவருடைய கடிதங்களை மீட்டெடுத்தாள். எல்லாம் ஒழுங்காக வந்து இறங்கின. ஜௌபரைத் திறந்து பார்க்கச் சொன்னாள். 'அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

டேப்பில் கோளாறு என்று நினைத்து மறுபடி இறக்கினாள். அதே வரி. கணக்கை அழித்துத் திரும்பத் திறந்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர்தான், அதே ஜௌபர்தான். அனுமதி இல்லை. ஜௌபர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வெற்றிலை வாசம் அவளுக்குக் குமட்டியது.

கடைசியில், இந்தக் கடிதங்கள் யாருக்குச் சொந்தம் என்று சேர்வரிடம் கேட்டாள். பதில் திரையில் வந்தது. அவளுக்கு முன்னால் ஜௌபர் வாசித்துவிட்டார்.

"கஜரூபன்ட பேரல்லவா ஈக்கிது! அடப்பாவி, நேத்து வந்தவன் என்ட மெயிலைக் களவெடுத்தீக்கிறான்!"

அலுவலகம் முழுவதும் படிக்கட்டுக்கு அடியில் கூடிவிட்டது. கஜரூபனுக்கு வாய் குழறியது. "ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை. பெரியம்மா, சத்தியமா நான் ஒண்டையும் தொடேல்லை." லீலாதேவியின் முகத்தில் ஈயாடவில்லை. மனேஜரிடம் சொல்லி இன்றைக்கே இவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறேன் என்று ஜௌபர் குதித்தார்.

பாக்கியலெட்சுமிக்கு அப்போது உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பெரட்டு முடிஞ்சுதோ என்று கேட்ட வாய் அடைத்துப்போய் நின்றது. வந்தவன் தொலையப்போகிறான், நாற்காலி தப்பிவிட்டது. இத்தனைக்கும் அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் திரையை இன்னொரு தரம் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சேர்வருக்கு ஆள் பெயர் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டு, நம்பரைத்தான் அது ஆளாக எண்ணுகிறது. ஜௌபரை அழித்ததும் அவர் நம்பர் காலியாகிவிட்டது. மறுநாள் வந்த கஜரூபனுக்குச் சேர்வர் அதையே தூக்கிக் கொடுத்துவிட்டது. திரும்பி வந்த ஜௌபருக்குப் புது நம்பர். டேப்பிலிருந்து வந்த கடிதங்களிலோ பழைய நம்பர். அதனால் ஜௌபருக்கே ஜௌபரின் கடிதத்தைப் பார்க்க அனுமதி இல்லை.

இது அங்கே அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

கஜரூபன்மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிடவில்லை. வந்தது ஆத்திரம்தான். அம்மாவின் நம்பர் கைமாறிய நாளிலிருந்து, குழாயடியில் பெரியாயியைக் கண்டால் இவளும் அம்மாவும் சும்மா விட்டதில்லை. களவாணி, பிறத்தியார் உழைப்பைத் தின்கிறவள் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். பெரியாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவள் எதை எடுத்தாள்? கொடுத்த நம்பரை வாங்கிக்கொண்டாள். வெட்டினவனை விட்டுவிட்டு வாங்கினவளை ஏசிக் காலம் கழித்த அந்த மடத்தனத்தை நினைக்க நினைக்க, பாக்கியலெட்சுமிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"சேர், கத்தாதீங்க. அவரு களவெடுக்கல" என்றாள்.

"பேர் ஈக்கிதே!"

"பேரு இருக்கும். நம்பர் மாறிப்போச்சு. ஒங்கள அழிச்சதும் ஒங்க நம்பரு அவருக்குப் போயிருச்சு. அழிச்சது நானு. அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு ஒரே ஒரு வரி தட்டினாள். கடிதங்களெல்லாம் ஜௌபரின் புது நம்பருக்கு மாறின. பெட்டி திறந்தது. ஓடர் இருந்தது. ஜௌபர் அவளை ஏறிட்டும் பார்க்காமல் மேலே ஓடினார். கூட்டம் கலைந்தது.

லீலாதேவி மட்டும் நின்றார். போன உயிர் முகத்துக்குத் திரும்பியிருந்தது. தன் பிள்ளையைக் காப்பாற்றியவளைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்:

"அப்ப பிழை உம்மடதுதானே? உம்மட வாயாலயே சொல்லிப்போட்டீர். நாளைக்கு வர வேண்டாம்."

பாக்கியலெட்சுமி தகரப் பெட்டியில் மிச்சமிருந்த ரொட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் கஜரூபன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்து, கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து விழித்தான். வாசல்வரை வந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா... சேர்வரின்ர பாஸ்வேர்ட் என்ன?"

அவள் திரும்பி நின்றாள். நன்றி என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வருமா என்று பார்த்தாள். வரவில்லை. லீலாதேவி படிக்கட்டில் பாதியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அது தெரிஞ்ச பாக்கியலெட்சுமி பேர இப்பத்தான் ஒங்க பெரியம்மா வெட்டுனாங்க" என்றாள். "நான் வேற ஆளு தம்பி. எனக்கு இங்க அனுமதி இல்ல."

மேலே தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கினாள்.