மேல்நோக்கி வளைந்த வெட்டு

அளவெட்டியில் எங்கள் கூரைப் பக்கம் சாயத் தொடங்கியிருந்த வேம்பைத் தறிக்க அவர் வந்தார். மெலிந்தவர், அதிகம் கதைக்காதவர். மிசின் வாளின் சங்கிலி ஓடும் நீண்ட தகட்டை ‘பார்’ என்பார். அதன் இரு விளிம்புகளிலும் பெருவிரல் நகத்தை ஓட்டித் தேய்வு பார்த்த பிறகுதான் மரத்தில் வைத்தார்.

பாதி அரியுமுன் வெட்டு மேல்நோக்கி வளைந்தது.

“பார் தேய்ஞ்சுபோச்சோ, அண்ணை?” என்றேன்.

அவர் அதைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிப் பூட்டி அரிந்தார். வெட்டு மறுபடியும் மேலேதான் போனது.

“பாரிலை பிழையெண்டால் இப்ப கீழையெல்லோ வளையவேணும்,” என்றார் மெதுவாக. மிசினை நிறுத்திவிட்டு அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். “மரத்துக்குள்ளை ஏதோ கிடக்கு. எல்லாரும் வீட்டை விட்டு வெளியிலை வாங்கோ. உடனை வாங்கோ.”

கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து மரத்தைக் கவனமாகத் திறந்தார்கள். உள்ளே, போர்க்காலத்தில் விழுந்து வெடிக்காத ஷெல் குண்டு ஒன்றை மூடி மரம் வளர்ந்திருந்தது. வெட்டு அதற்கு இரண்டு விரல் தூரத்தில் மேலே ஒதுங்கியிருந்தது.

“நீங்களோ அண்ணை வாளை மேலை சரிச்சது?” என்றேன்.

“இல்லை. நான் நேராத்தான் பிடிச்சனான்.”

ஷெல்லைக் கொண்டுபோன பிறகு, அதே பாரால் மிச்ச மரத்தை அரியத் தொடங்கினார். வெட்டு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. அதைக் கண்டதும் அவர் மிசினை நிறுத்திவிட்டு, அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.