அந்தோணிசாமி சார் புதைத்த கேபிள்

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் செய்தி வந்தது. எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் அந்தோணிசாமி, ஆவூரில் தம் தாயார் வீட்டில் காலமாகிவிட்டார்.  ஸ்டாப் ரூமில் யாரோ அவர் பேச்சை எடுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம். அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

திருமயத்தில் அவர் வீட்டுக் கொல்லையில்தான் நாங்கள் பூப்பந்து ஆடுவோம். இருட்டினால் பந்து தெரியாது. விளக்குக்கு ஒயரை வேலியோரம் தரையில் இழுத்துவிடலாம் என்றேன் நான்.

"மழையில நனையும், மாடு மிதிக்கும். பொதைக்கிற கேபிளா வாங்கி ஒழுங்காப் பொதைப்போம் சார்" என்றார் அந்தோணிசாமி.

புதுக்கோட்டையிலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். தொடையளவு ஆழத்துக்குப் பள்ளம். அடியில் மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல், பிறகுதான் மண். அந்தோணிசாமியின் மனைவி ஸ்டெல்லா, "வெளக்குப் போடச் சொன்னா வாய்க்கால் வெட்டுறாக" என்று கேலி செய்தார்.

இணைப்புக் கொடுக்கிற அன்று, வேலை நடக்கும்போது யாரும் மறுபடி மாட்டிவிடக்கூடாது என்று அந்தோணிசாமி மெயின் பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்தது. அதே சட்டையோடு ஆவூருக்குப் பஸ் ஏறிவிட்டார்! மறுநாள் திரும்பி வரும்வரை வீடே இருட்டு. ஸ்டெல்லா ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அடுத்த வருஷம் அவர் மகளின் ஞானஸ்நான விருந்து. கேபிள் போகும் இடத்தைக் காட்டும் அடையாளக் கல்லின்மேல் யாரோ சமையல் பாத்திரங்களை அடுக்கிவிட்டார்கள். கொல்லையில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, பந்தல்கால் நடக் குழி தோண்டிய பந்தல்காரர் கருப்பையாவின் கடப்பாரை ணங்கென்று எதிலோ மோதியது.

"சார், இங்கிட்டு யாரோ செவரு கட்டிப் பொதைச்சிருக்காக!"

வாழை இலைக்கட்டோடு உள்ளே வந்த அந்தோணிசாமியின் முகம் வெளிறிவிட்டது. "கடப்பாரைய விடுங்க! தள்ளி வாங்க!" என்று கத்தி, இலைகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பியூஸைப் பிடுங்கினார். தோண்டிப் பார்த்தோம். ஒரு செங்கல் உடைந்திருந்தது. கேபிளில் கீறல்கூட இல்லை. கருப்பையா அதற்குப் பிறகு கடப்பாரையைத் தொடவில்லை. ஸ்டெல்லா குழிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வரிசை அடுக்கியிருக்கலாம்ல?"

முதல் பந்தியில் கருப்பையாவைத் தம் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார் அந்தோணிசாமி. கருப்பையா இலையில் கை வைக்கும்வரை தாமும் சாப்பிடாமல் ஏதேதோ பேசிச் சிரிக்க வைத்தார்.

எந்த சுவிட்சைப் போடும் முன்பும், "யாரும் கை வச்சிருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்பது அவர் வழக்கம். அது என்னிடம் தங்கிவிட்டது. ஆளில்லாத அறையிலும் கேட்கிறேன். என் வீட்டார் சிரிக்கிறார்கள். பதிலுக்குச் சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் போடுகிறேன்.