பேச்சியம்மாள் அக்காவை விடாத ‘அ’

புதிதாக எழுதப் படிக்கக் கற்பவர்களுக்கு ஒரு செயலி எவ்வளவு உதவுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. இன்று சாயங்காலம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்தோம்.

பேச்சியம்மாள் அக்கா ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் வந்து காய் எடுப்பவர். முதல் பாடம் ‘அ’. திரையில் விரலால் எழுத வேண்டும். ஏலக்காய்க் கறை ஏறித் தடித்துப்போன அவர் விரலைத் திரை கண்டுகொள்ளவே இல்லை.

“மீண்டும் முயற்சி செய்க” என்றது ஒரு குழந்தைக் குரல். திரும்பத் திரும்ப அதையே சொன்னது. பாடத்தை முடிக்காமல் வெளியே வர வழியும் இல்லை.

ஜீப் ஹார்ன் கேட்டது. “ஆத்தா, வெரசா வாங்க, மழை வருது” என்றார் டிரைவர்.

அக்காவுக்கு வேர்த்துவிட்டது. “டீச்சர், இது என்னைய விடமாட்டேங்குது. பாதியில போனா ஃபெயிலா?”

மனசு கேட்காமல் நானே எழுதி முடித்தேன். “வாழ்த்துகள், பேச்சியம்மாள்” என்று செயலி கைதட்டியது.

“எழுதுனது நீங்க. எனக்கு எதுக்குக் கைதட்டுது?”

கொட்டகையில் எடை குறிக்க வைத்திருந்த சாக்பீஸை அக்கா எடுத்துக் கதவில் பெரிதாக ஒன்றை எழுதிவிட்டு ஜீப்புக்கு ஓடினார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் ‘அ’வேதான்.

இப்போது செயலி என்னைக் கேட்கிறது: “கற்றவர் மகிழ்ந்தாரா?” ‘ஆம்’, ‘மிகவும்’ என்று இரண்டே பொத்தான்கள். ஒன்றை அழுத்தாமல் மூடாதாம். வீடு வந்தும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதை அழுத்தட்டும், சொல்லுங்கள்.