கடலோரத்தில் ஓர் ஓசிப் பார்க்கிங்

போன மாதம் லண்டனில் மச்சாள் வீட்டில் நின்றோம். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. ஒருநாள் ஊர் பார்க்கப் புறப்பட்டபோது, புதுமணம் மாறாத தன் காரின் சாவியைத் தந்தாள். "ஒரு கீறல் படாமக் கொண்டு வாங்கோ அண்ணை. என்ர மனுசனுக்கு அது உயிர்."

நாங்கள் போனது பாய்மரப் படகுகளுக்குப் பெயர்போன ஒரு துறைமுக ஊர். ஒரு பக்கம் பணக்காரரின் வெள்ளைப் பாய்கள். மறுபக்கம் நண்டுக் கூடை இறக்கும் மீன்பிடிப் படகுகள். எல்லாம் அழகுதான்... பார்க்கிங்தான் இல்லை. இருந்த இடமெல்லாம் காசு.

கடைசியில் தண்ணீரை ஒட்டி, சரிவான ஒரு கல்தளம் — காலியாக, ஓசியாக! என் கணவரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

தரை ஈரமாக இருக்கிறதே, பாசியும் கிடக்கிறதே என்றேன்.

"நான் பருத்தித்துறையான். எனக்குக் கடலைப் பற்றிச் சொல்லித் தாறீரோ?"

அவரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கடல் வற்றிப் பெருகினாலும் முழங்காலோடு நின்றுவிடும். இங்கிலாந்துக் கடல் பெருகினால் ஆளை மூடும் என்று யார் கண்டது?

கரைச் சுவரில் உட்கார்ந்து இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். நண்டு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, காரைச் சற்று நகர்த்தினால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு நாயோடு வந்த ஒரு பெண்மணியும் அதையே சொன்னார்.

இவர் அசைந்தால்தானே? ரொறன்ரோவில், நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில், சனிக்கிழமை மரக்கறிக்கடை வாசலில் கார் விட்டுப் பழகியவர். அங்கே நம் காருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சிரித்தால் என்ன அர்த்தம்?

"உவை எங்கட இடத்தைப் பிடிக்கப் பாக்கினம். பேசாமச் சாப்பிடும்."

இடத்தைப் பிடித்தது கடல். சம்பல் முடியுமுன் பாதி டயர் தண்ணீருக்குள். இவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மச்சாளின் முகம் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது. கார் கிளம்பியது, ஆனால் பாசியில் வழுக்கி நின்ற இடத்திலேயே நின்றது.

அதே நண்டுக்காரர்தான் படகு இழுக்கும் டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி வெளியே எடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். இவர் கண் இமைக்காமல் ரொறன்ரோ என்றார்.

ஓசியில் ஓர் இடம் கிடைத்துவிட்டால், நல்லது சொல்ல வருபவரெல்லாம் நமக்கு எதிரிதான் போல.

திரும்பும் வழியில் மச்சாளின் போன். கார் பத்திரமா என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நல்லாக் கழுவித்தான் கொண்டு வாறன்" என்றார் இவர்.

மச்சாள் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. வாசிக்கிற நீங்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.