ஜன்னல் மூடிய வேன்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். தையல் மிஷின் மிதிக்கும் அக்கா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்குள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுவாள். கேட்க ஆளில்லாவிட்டால் ஜன்னல் கம்பியிடம் சொல்வாள்.

அந்த வாய்க்கே ஒரு வேலை கிடைத்தது. பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் வருகிறது, எது கிளம்புகிறது, எது வராது என்று பல வருடங்களாக ஊருக்குச் சொல்லிவந்தாள். வராத பஸ்ஸை “சற்று நேரத்தில் வரும்” என்று சொல்லச் சொல்வார் நிலைய மேலாளர். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். “வராதுன்னு சொல்லிட்டா ஜனங்க நடந்தாவது போவாங்க சார்” என்பாள்.

பிறகு தொற்று வந்தது. பஸ்கள் நின்றன. ஒலிபெருக்கி அறையைப் பூட்டிவிட்டு அவளைச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மாடியில் நீண்ட அறை, இடைவெளி விட்டுப் போட்ட மேஜைகள், மேஜைக்கு ஒரு போன். தொற்று உறுதியானவரைக் கூப்பிட்டு, யார் யாரோடு பழகினார் என்று விசாரித்து, அவர்களையும் கூப்பிட்டு வீட்டிலேயே இருக்கச் சொல்ல வேண்டும். சுவரில் ஊரின் வரைபடம். அதன் பக்கத்தில் பகுதிக்கு ஒரு கோடாகத் தொற்றின் ஏற்ற இறக்கம். கோடு படுத்திருந்தால், அந்த அறைக்குப் பொறுப்பான டாக்டரம்மா டீயைச் சூடாகக் குடிப்பார். நிமிர்ந்தால் டீ ஆறிப்போகும்.

அந்த வாரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கோடு நிமிர்ந்துகொண்டே போனது. தொற்று வந்தவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருத்தி மருந்துக்கடையில் இருக்கிறாள், ஒருவர் குடிநீர் பம்ப் ஓட்டுகிறார். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: “நடந்துதான்.” நடக்கிற தூரமா அது?

“எங்கேயோ ஓரிடத்துல இவங்க எல்லாரும் ஒண்ணா மூச்சு விட்டிருக்காங்க” என்றார் டாக்டரம்மா. “அது எந்த இடம்னு தெரியாம நான் எதைப் போய் மூடறது?”

அவருடைய பயம் வேறு. பக்கத்து ஊரில் தொற்று முதியோர் இல்லத்துக்குள் புகுந்து பாதிக் கட்டில்களைக் காலி செய்துவிட்டது. இந்த ஊரிலும் ஓர் இல்லம் இருந்தது. வேலைக்கு வருபவர்களைக் காய்ச்சல் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். காய்ச்சலே இல்லாமல் தொற்றைச் சுமந்து போகிறவரை எதை வைத்துத் தடுப்பது?

மத்தியானத்துக்கு மேல் புதிதாக ஒரு பெயர் வந்தது. வேன் டிரைவர். டாக்டரம்மா ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வாயாடி போனை எடுத்தாள்.

“வணக்கம்ண்ணே, சுகாதார ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உடம்பு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“வெளியில எங்கேயாவது போனீங்களா?”

“வண்டியே ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

யாரைப் பார்த்தீர்கள் என்று நேராகக் கேட்டால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் சுற்றி வளைப்பாள். நல்லபடியாகப் போன பொழுதை மறந்துவிடுவார்கள், சண்டையை மறக்கமாட்டார்கள் என்பது அவள் கண்டுபிடித்து வைத்திருந்தது.

“கடைசியா யாரோட சண்டை போட்டீங்கண்ணே?”

“இது என்னம்மா கேள்வி? பொண்டாட்டியோடதான்.”

“ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்!” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

“வீட்டுச் சண்டையெல்லாம் கணக்குல வராதுண்ணே. வெளியாள்?”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “எனக்கு யாரோடவும் வம்பு இல்லம்மா. அந்தப் பின் சீட்டு அம்மாதான் ஜன்னலைச் சாத்து, ஜன்னலைச் சாத்துன்னு தினமும் உயிரை வாங்கும். குளிருதாம். நானும்...”

பேச்சு அறுந்தது.

“எந்த வண்டியில பின் சீட்டுண்ணே?”

போன் வைக்கப்பட்டது.

அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டதும் மனைவி எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே பொரிந்தாள்.

“ஏங்க, வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா நீங்களா எங்களுக்குச் சோறு போடுவீங்க? பஸ் இல்ல, வேலைக்குப் போகலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு ஆளாளுக்கு வந்து கெஞ்சினாங்க. பாவமேன்னு ஏத்திக்கிட்டுப் போனாரு. அது குத்தமா?”

“அக்கா, வண்டி நம்பர் எனக்கு வேண்டாம். உள்ள உக்காந்து வந்தவங்க போன் நம்பர் மட்டும் போதும்.”

“முதல்ல இப்படித்தான் பேசுவீங்க. பின்னாடியே போலீஸ் வரும்.”

டாக்டரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. வாக்குக் கொடுக்கலாமா என்று கேட்க ஆளில்லை. கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டால் வேலை போகும்.

“வண்டியைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதுக்கா.”

போன் கைமாறும் சத்தம். பிறகு டிரைவரின் குரல். “ஏம்மா, நீ பஸ் ஸ்டாண்டு மைக்ல பேசற பொண்ணுதானே?”

“ஆமாண்ணே.”

“அதானே பாத்தேன். உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? பஸ்ஸைக் காணோம்னு கூட்டம் என் வேன் பக்கம் நகரும். கரெக்டா அப்பதான் ‘இதோ வருது’ன்னு சொல்லி என் பொழப்புல மண்ணைப் போடுவே.”

“நான் சொன்னபடி வந்துச்சா இல்லையா?”

“வந்து தொலைச்சுதே! அதான் எனக்கு ஆத்திரமே.” “சரி, எழுதிக்கோ.”

மருந்துக்கடைப் பெண் அதில் இருந்தாள். பம்ப் ஓட்டுபவர் இருந்தார். நடந்து போனவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். கடைசியாகப் பின் சீட்டு அம்மா.

“அது முதியோர் இல்லத்துல ஆயா. சாயங்கால ஷிப்ட். நான் படுத்துட்டேன்ல, இன்னிக்கு நடந்து கிளம்பியிருக்கும்.”

வாயாடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிப்ட் மாறும் நேரம். ஆயாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இல்லத்தின் போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி போட்டாள், மறுபடியும் அதே. வாசல் காவலாளியின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள்.

“குளிர் தாங்காத ஆயா ஒருத்தங்க இருக்காங்களே, வந்தாச்சா?”

“அந்தம்மாவா? இந்த வெயில்லயும் சால்வையோட இதோ நிக்குது. காய்ச்சல் பாத்தாச்சு மேடம், உள்ள...”

“விடாதீங்க!”

ஒலிபெருக்கிக் குரல் அது. அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

“காய்ச்சல் இல்லியே மேடம். மெஷின் பச்சை காட்டுது.”

“எதைக் காட்டினாலும் விடாதீங்க. போனை அவங்ககிட்ட குடுங்க.”

“யாரு என்னை நிறுத்தறது?” என்று ஆயா சீறினாள். “நான் போகலைன்னா என் ஹால்ல இருக்கறவங்களுக்கு யார் சோறு ஊட்டுவா? நீ வந்து ஊட்டுவியா?”

“வேன்காரருக்குத் தொற்று வந்திருக்கும்மா. ஜன்னலைச் சாத்தின வண்டியில தினமும் அவர் பின்னாடி உக்காந்து போயிருக்கீங்க.”

ஆயா குரல் இறங்கி, “நேத்து எல்லாருக்கும் நான்தானே ஊட்டினேன்” என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் டாக்டரம்மாவின் ஆட்கள் அந்த ஹாலைத் தனியாகப் பிரித்தார்கள். ஆயாவுக்குத் தொற்று உறுதியானது. ஹாலில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டது. இருவரும் ஆஸ்பத்திரியில் நாளைத் தள்ளி, மெலிந்துபோய்த் திரும்பி வந்தார்கள். ஹால் கதவைத் தாண்டி யாருக்கும் பரவவில்லை.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் மேஜை முன் வந்து நின்றார்.

“திருட்டுத்தனமா ஒரு வேன் ஓடுதாமே. நம்பர் சொல்லுங்க.”

“என்கிட்ட ஆளுங்க விவரம்தான் சார் இருக்கு. வண்டி விவரம் இல்ல.”

“ஆளுங்க பறந்தா வந்தாங்க?”

வாயாடி வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா எழுந்து வந்தார். “நாளைக்கு இன்னொரு டிரைவர் எங்க போனை எடுக்கணும் சார். நீங்க இதோட விட்டுடுங்க” என்றார். போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர் படியிறங்கியதும் டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “இனிமே வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு.” அன்றே உட்கார்ந்து, ஜன்னல் திறந்த வண்டிகளில் வேலையாட்களை ஏற்றிச் செல்ல அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். சில வாரங்களில் அனுமதியும் வந்தது, கோடும் மெல்லச் சாய்ந்தது.

இதில் எதுவும் அக்காவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் வாயாடி உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிடுவாள். பல நாள் கழித்து, வேன் சீட்டுக்கு உறை தைக்க வேண்டும் என்று ஒருத்தி அக்காவிடம் வந்தாள். அளவு சொல்லிக்கொண்டே கதையையும் சொன்னாள். “அந்த மைக்ல பேசற பொண்ணு மட்டும் வாய் விட்டிருந்தா எங்க வண்டி இன்னிக்கு ஸ்டேஷன்ல துரு பிடிச்சிருக்கும்க்கா.”

அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவ என் தங்கச்சி.”

அன்று சாயங்காலம் வாயாடி செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, இவ்வளவு நடந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன்க்கா.”

“நான் யாரோவா?”

வாயாடி சிரித்தாள். பேச்சை மாற்றினாள். “வேன் எப்படி ஓடுதாம்?”

“ஜன்னல் கண்ணாடியையே கழட்டிட்டாராம். பின் சீட்டு அம்மா ரெண்டு சால்வை போர்த்திக்கிட்டு வருதாம்.”