உப்புப் பார்க்க ஒரு ஆள்

ருசி பார்ப்பதற்குத் தனுஷ்கோடி கரண்டியை வாயருகே கொண்டுபோனதே இல்லை. குழம்பில் இரண்டு சொட்டை இடது புறங்கையில் விட்டு, ஒரு ஊது ஊதி, நாக்கால் தொட்டு எடுப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பார். கல்யாண வீட்டு அண்டாவுக்கு மட்டுமல்ல, வீட்டில் மனைவி செல்லக்கனி வைக்கிற புளிக்குழம்புக்கும் அதே மரியாதைதான். கட்டிக்கொண்டு வந்த புதிதில், அவர் கண்ணைத் திறக்கிறவரை அவள் கரண்டியைக் கீழே வைக்கமாட்டாள்.

ராஜபாளையத்தில் அவர் சமையலுக்கு நல்ல பெயர். "தனுஷ்கோடி சமையல்னா கடைசிப் பந்தியில கூட தைரியமா உக்காரலாம்" என்பார்கள். செல்லக்கனி அந்தப் பந்திகளைப் பார்த்ததில்லை. அந்நிய ஆள் வாசலுக்கு வந்தாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள் அவள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து வேப்பங்குச்சி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலக்கை சொன்னபடி கேட்கவில்லை. வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கை மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது. அனுப்பும்போது அங்கே தெளிவாகச் சொன்னார்கள்: பிரஷரால் வந்த வாதம் இது. அடக்கி வைக்காவிட்டால் இன்னொரு தடவை வரும், அப்போது இப்படித் தப்ப முடியாது. மாத்திரையை விடக்கூடாது. உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது. மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளவேண்டும்.

காலையில் மில் சங்கு ஊதியதும் செல்லக்கனி மாத்திரையை எடுத்து நீட்டுவாள். குழம்பில் அவருக்கு முதலில் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் உப்புப் போடுவாள். தானும் அப்படியே தின்று பார்க்கிறேன் என்றதற்கு அவர் விடவில்லை. "ஒரு வீட்டுல ஒருத்தன் வைக்கோலு தின்னாப் போதும்."

மூன்று நான்கு மாதம் போனது. ஒருநாள் அதே வைக்கோலைத் தின்றுவிட்டு, "இன்னைக்குக் குழம்பு நல்லாருக்கே" என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். பிரஷரும் இறங்கியிருந்தது. இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் அவர் நாக்கு என்ன ஆகியிருந்தது என்பது இருவருக்கும் தெரியாது.

தை மாதம் வேல்சாமி என்ற ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். சாம்பார், கூட்டு, ரசம் எல்லாவற்றையும் வழக்கம்போல் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி அனுப்பினார் தனுஷ்கோடி. முதல் பந்தியில் ஒருவர் வாயில் வைத்ததும் கையை உதறினார்.

"ஏலே, நாம கல்யாணத்துக்கு வந்தமா, ஆஸ்பத்திரிக்கு வந்தமா?"

"உப்பு வெலை ஏறிப்போச்சு போல" என்றார் பக்கத்து இலைக்காரர்.

கூடவே வேலை பார்க்கிற இருளப்பசாமி உப்புத் தட்டோடு இலை இலையாக ஓடினான். வேல்சாமி அடுப்படிக்கு வந்தார். அண்டாவையும் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று தனுஷ்கோடி வீட்டுக்கு வந்து சொன்னார். அந்த வாரமே, வெற்றிலை பாக்குக் கொடுத்துப் பேசியிருந்த வேறு ஒரு வீட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார். பிரஷர் எகிறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுதேன்யா."

"சாப்பாட்டுல உப்பு?"

"அவ கையாலதான்யா சாப்பிடுதேன்."

பின்னால் நின்ற செல்லக்கனி ஆமாம் என்று தலையசைத்தாள். டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதினார். பஸ்ஸில் வரும்போது அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்பதைவிடக் கவனிப்பது அவளுக்குச் சுலபம்.

இரண்டு நாள் கழித்து, மேல்பலகையில் இருந்த உப்புமாங்காய் ஜாடியை எடுத்தாள். ஜாடி வாயில் கட்டியிருந்த துணி அவள் போட்ட முடிச்சில் இல்லை. ஒற்றைக் கையால் எப்படியோ சுற்றி இழுத்த முடிச்சு. பின்பக்கம் போனாள். முருங்கை மரத்தடியில் தனுஷ்கோடி, ஒரு கன்னம் உப்பலாக நின்றார்.

"வாயில என்ன?"

"ஒண்ணுமில்லட்டி."

"துப்புங்க."

அவர் விழுங்கிவிட்டார். பிறகு மரத்தைப் பார்த்துப் பேசினார்: "நாக்கு மாறிப்போச்சு, செல்லக்கனி. எனக்குச் சரியா இருக்கது ஊருக்குச் சப்புன்னு இருக்கு. பழைய நாக்கக் கொண்டாரணும்னு தெனம் ஒரு துண்டு போட்டுப் பழக்குதேன்."

"நாக்கு வந்துரும். நீங்க போயிருவீக."

"உப்புப் பாக்கத் தெரியாதவன் சமையக்காரனா? வேற என்ன செய்யச் சொல்லுத, துணி தொவைக்கவா?"

"தொவைச்சுத்தான் குடுங்களேன். எம்புட்டு வருசமா நான் தொவைக்கேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"உப்பு உங்களுக்குத்தான ஆகாது? எனக்கு ஆகும்ல. நான் கூட வாரேன். பாத்துச் சொல்லுதேன்."

தனுஷ்கோடி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? அம்புட்டு ஆம்பளைங்களுக்கு நடுவுலயா?"

"அடுப்பப் பாத்துக்கிட்டு நிக்கேன். அவுகள நான் ஏன் பாக்கேன்?"

ஜாடியை அன்றே அடுத்த வீட்டு வெள்ளத்தாயிடம் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில் சோழபுரத்தில், தூரத்துச் சொந்தமான மலைச்சாமி மகள் கல்யாணம். சொந்தம் என்பதால்தான் கூப்பிட்டிருந்தார்கள். செல்லக்கனி அண்டா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். "மாஸ்டருக்கு மேல ஒரு மாஸ்டரு வந்துட்டாகடோய்" என்றான் இருளப்பசாமி. அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் சாம்பாரைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துப் பார்த்தாள்.

"கம்மி."

தனுஷ்கோடி ஒரு கை உப்புப் போட்டார். மறுபடி பார்த்தாள்.

"இன்னும் வேணும்."

"ஏட்டி, கரிச்சுரும்."

"கரிக்காது. போடுங்க."

உப்பை அள்ளிய கை அண்டாவுக்கு மேல் அப்படியே நின்றது. அவர் கணக்குக்கு அது கூடுதல்தான். நாக்கு நுனிவரை வந்த ஆசையை அடக்குவது முகத்திலேயே தெரிந்தது. ஒரு சொட்டுப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் அவர் நாக்கு எது சரி என்று சொன்னதோ, அதில்தான் வேல்சாமி வீட்டில் மானம் போனது. கையை விரித்துப் போட்டுவிட்டார்.

பந்தியில் உப்பு என்று ஒரு குரல் வரவில்லை. மலைச்சாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தார். "அண்ணே, மறு சாம்பார் கேக்காக. வாளி எங்க?"

உப்புப் பார்த்துப் பார்த்து நா வறண்ட செல்லக்கனி, மூலையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். தனுஷ்கோடி இரண்டாவது செம்பைத் தானே மொண்டுவந்து கொடுத்தார். அந்த மாதம் டாக்டர் முகம் சுளிக்கவில்லை.

இது தொண்ணூற்றாறாம் வருஷம். பிரஷர் போய்விடவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். மாத்திரை தினமும் உண்டு. வலக்கை கனத்த கரண்டியைத் தூக்காது, கிண்டுவது இருளப்பசாமி பொறுப்பு. கல்யாணம் பேச வருகிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள். செல்லக்கனி இன்னமும் வீட்டுக்காரர்களோடு பேசுவதில்லை, உப்பைப் பற்றி மட்டும் பேசுவாள். வாதம் மறுபடி வரவில்லை.