மாயவரம் வரைக்கும்

அகலப்பாதை போடுவதற்காகப் பல வருஷம் நிறுத்தி வைத்திருந்த ரயில் கடலூருக்குத் திரும்ப வந்தபோது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரே எங்கேயாவது போய்வரத் துடித்தது. எங்கள் குடும்பத்தில் அந்தத் துடிப்பு முதலில் பெரியப்பாவுக்கு வந்ததுதான் ஆச்சரியம். சிதம்பரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்புகிற மனிதர். அன்று கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் ரயில்ல டூர் போறோம். பாப்பா எந்த ஊரு சொல்லுதோ அந்த ஊரு" என்றார்.

வீட்டில் நான் ஒரே குழந்தை. என் பேச்சைக் கேட்டு அதுவரை யாரும் ஒரு பலூன்கூட வாங்கியதில்லை. நான் வண்டலூர் என்றேன். "புலியப் பாக்கறதுக்குள்ள நாள் பூரா நடக்கணும்" என்றார் பெரியப்பா. ஊட்டி என்றேன். "மேடு ஜாஸ்தி" என்றார் அப்பா. சிப்காட்டைத் தாண்டி அவர் எந்த மேட்டையும் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைச் சொன்னேன். பிரகாரம் சுற்றி வருவதற்குள் கால் வெந்துபோய்விடும் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, ரயில் எங்கே முடிகிறதோ அங்கே போகலாம் என்றேன்.

"அது மாயவரம். அங்க பிளாட்பாரமே ஒரு மைலு நீளம், எறங்கி யாரு நடக்கறது?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முடிவில் சிதம்பரம் என்று ஆனது. மாதாமாதம் பஸ்ஸில் போய் அலுத்துப்போன அதே சிதம்பரம். ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்டோ நிற்கும், ஏறினால் பிச்சாவரம், அங்கே படகில் உட்கார்ந்தபடியே காட்டைச் சுற்றி வரலாம் என்று பெரியப்பா விளக்கினார். பக்கத்து வீட்டில் கேட்டபோது, "பாப்பா ஆசைப்பட்டுது" என்றாள் அம்மா. நான் எப்போது ஆசைப்பட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நர்சரிப் பள்ளியில் டீச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டதால் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. அத்தை என்றால் அப்படித்தான் நடப்பாள், அவ்வளவுதான். அவளைப் பார்க்க அவ்வப்போது வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கேசரியும் பஜ்ஜியும் செய்வார்கள். அத்தை காபித் தட்டோடு நடந்து வருவாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். மிச்சக் கேசரி எனக்கு. அதற்கப்புறம் சில நாட்களுக்கு அத்தை எனக்குத் தலை வாரிவிட மாட்டாள். கேசரிக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியாது.

இந்தத் தடவை கேசரி செய்யவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். படகு ஏறப் போகிறவள் எதற்குப் பட்டுப்புடவை கட்ட வேண்டும் என்று அத்தையைக் கேட்டேன். "உங்க பெரியப்பாவக் கேளு" என்றாள். பெரியப்பா அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, "எதுக்கும் எழுந்திரிக்காத" என்றார். எதிர் இருக்கையில் தன் துண்டை விரித்தார். கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்றார்.

அடுத்த ஸ்டேஷன் முதுநகர். அங்கே ஒரு அம்மாளும் அவர் மகனும் ஏறினார்கள். பெரியப்பா துள்ளி எழுந்து, "அட, நீங்களா? எங்க இந்தப் பக்கம்?" என்றபடி துண்டை எடுத்தார்.

"இவுங்களுக்குத்தான பெரியப்பா எடம் போட்டு வெச்சீங்க?" என்றேன்.

அம்மா என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள். பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த மனிதரின் வேலையைப் பற்றி அப்பா கேட்டால் அவர் அம்மா பதில் சொன்னார். அத்தையிடம் ஏதாவது கேட்டால் பெரியப்பா முந்திக்கொண்டார். உனக்குப் பாடத் தெரியுமா என்றதற்குக்கூட அவர்தான், "நல்லாப் பாடும்" என்றார். அத்தை பாடி நான் கேட்டதே இல்லை. அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமலோ என்னவோ அந்த மனிதர் என்னிடம் குனிந்தார்.

"பாப்பாவுக்கு எந்த ஊருக்குப் போவணும்?"

"மாயவரம். யாரும் கூட்டிட்டுப் போவ மாட்டேன்றாங்க. பிளாட்பாரம் நீளமாம்."

அத்தை சட்டென்று திரும்பினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

கிள்ளை தாண்டியதும் எனக்கு மாயவரம் மறந்துபோயிற்று. மனசெல்லாம் படகுதான். சிதம்பரம் வந்தது. வந்தவர்களை முன்னால் விட்டு அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். பெரியப்பா ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வாசலுக்கு வந்தாள். அங்கே நின்று என் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய்விட்டது.

அதுவரை அத்தை என்னை அதட்டியதுகூட இல்லை. நான் பெட்டியே அதிர அழுதேன்.

"பாருங்கண்ணே, மாயவரம் போவணும்னு அழுவுது. கூட்டிட்டுப் போயி அடுத்த வண்டியில வந்துடுறேன்" என்றாள் அத்தை.

"டிக்கெட்டு இதுவரைக்குந்தான் இருக்கு" என்று அப்பா கத்தினார். ரயில் நகர்ந்தது. கீழே நின்ற அந்த மனிதர் தன் அம்மாவிடம், "தனியாப் போறாங்க, தொணைக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தாவி ஏறினார். எனக்குப் படகு போனது. கை வலித்தது. மறந்தேபோன ஊருக்கு அழுததாகக் கெட்ட பெயர் வேறு.

மாயவரத்தில் டிக்கெட் பரிசோதகர் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் மூன்று பேருக்கும் அபராதம் கட்டினார். சிரித்துக்கொண்டே கட்டினார். அபராதம் கட்டுகிற யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ரயில் முடிகிற இடத்தையாவது பார்க்கலாம் என்று போனால் தண்டவாளம் அங்கே முடியவே இல்லை. அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும். வெயில் கொளுத்தியது. பட்டுப்புடவை கசங்கச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். கடைசியைத் தொட்டுவிட்டு அதே மாதிரித் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நான் இப்பிடித்தான் நடப்பேன். எங்க வீட்டுல சொல்லியிருக்க மாட்டாங்க."

"சொல்லல" என்றார் அவர். பிறகு நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க. ரொம்ப தூரம் நடந்துட்டீங்க. டீ சொல்லட்டுமா, காபியா?" என்றார்.

அதற்கு அத்தை ஏன் அழுதாள் என்று தெரியவில்லை. கிள்ளு வாங்கியவள் நான்.

திரும்பி வந்தபோது சிதம்பரம் ஸ்டேஷனில் எல்லோரும் அப்படியே காத்திருந்தார்கள். அத்தை இறங்கி நடந்தாள். அந்த மனிதர் அவளுக்குச் சமமாக மெதுவாக நடந்தார். அவருடைய அம்மா அத்தையின் காலைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோக்காரனோடு சண்டைக்குப் போய்விட்டார். பிச்சாவரம் போகாமலேயே ஊர் திரும்பினோம்.

அந்த அம்மாள் சம்மதிக்க நாளாயிற்று. தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் எல்லோரும் அசந்திருந்த நேரம் பார்த்துப் புது மாமாவிடம் போய் என் வழக்கை வைத்தேன். நல்லவராகத் தெரிந்தார், கேட்பார் என்ற நம்பிக்கை.

"அன்னைக்கு ரயில்ல அத்த என்னைய இங்க கிள்ளிடுச்சு மாமா. நான் ஒண்ணுமே பண்ணல."

அவர் மாலையை ஒதுக்கிக்கொண்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே தழும்பு ஒன்றும் இல்லை.

"உங்க அத்த கிள்ளலன்னா நான் கிள்ளியிருப்பேன்" என்றார்.

இவரும் அந்த ரகம்தானா என்று எனக்குத் திக்கென்றது. மறுவீட்டுக்குக் கார் கிளம்பியபோது, நடுவில் வந்து உட்காரச் சொல்லி இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. இரண்டு கையையும் மடக்கி வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.